வீட்டைச் சுற்றி பல்லி, ஓணான், கபரகொய்யா (நீர் உடும்பு): கேள்வி பதில்

தெஹிவளையிலிருந்து: அண்ணா, குசினியில் வைத்த எலிப் பசை அட்டையில் பல்லி ஒட்டிக்கொண்டது. உயிர் இருக்கிறது. என்ன செய்ய?

இழுக்காதீர்கள் தங்கச்சி, தோல் உரிந்துவிடும். முதலில் சுற்றியுள்ள பசையைக் கடதாசித் துண்டுகளால் மூடுங்கள். இல்லாவிட்டால் கழன்ற கால் மறுபடி ஒட்டும். தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஒட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூக்கில் படக்கூடாது. அவசரப்படாமல் ஒவ்வொரு விரலாகக் கழற்ற வேண்டும். நான் ஒரு அரணையை இப்படிக் கழற்றியபோது, அதன் வயிறு என் விரலடியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஈரத்துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்து, துளையுள்ள பெட்டியில் வைத்து, இருட்டியதும் சுவரில் விடுங்கள். அந்த அட்டையை இனி வாங்காதீர்கள். எலிக்குக் கூட்டுப்பொறி போதும்.

வெள்ளவத்தையிலிருந்து: கால்வாய்ப் பக்கமிருந்து வளவுக்குள் ஒன்று வருகிறது. உடும்பா, கபரகொய்யாவா?

மூக்குத் துளையைப் பாருங்கள். மூஞ்சி நுனியோரம் இருந்தால் கபரகொய்யா. கண் பக்கம் தள்ளி, கீறல் போல இருந்தால் உடும்பு, சிங்களத்தில் தலகொய்யா. கால்வாய்க்காரர் பெரும்பாலும் கபரகொய்யாதான். மீன் கழிவு வாடைக்கு வருகிறார்; வாடை பிடித்த ஷொப்பிங் பையையும் சேர்த்து விழுங்கிவிடுவார். வாளிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். மூலையில் மடக்கினால் வாலால் அடிப்பார், வழியை விட்டால் போய்விடுவார். இறைச்சிக்காக உடும்பைக் கொல்வதோ சட்டவிரோதம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

நுகேகொடையிலிருந்து: பூனை கவ்விய ஓணானுக்குப் பாதி வால் இல்லை. வளருமா?

வளராது. பல்லிக்கும் அரணைக்கும்தான் வளரும். பூனைப் பல் பட்ட காயம் சீழ் பிடிக்கும், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

மருதானையிலிருந்து: பசையில் பல்லி...

முதல் பதிலைப் படியுங்கள். எண்ணெய். இழுக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அரணை நக்கினால் மரணம் என்கிறாரே அம்மம்மா?

அரணைக்கு நஞ்சே இல்லை.

வத்தளையிலிருந்து: அப்படிச் சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் பாயில் படுத்திருந்தவர் அரணை கடித்துத்தான் செத்தார். பக்கத்திலேயே கிடந்ததாம்.

பாயில், இரவில் என்றதும் எனக்குக் கட்டுவிரியன்தான் ஞாபகம் வருகிறது, ஐயா. அது தூக்கத்தில் கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது. விடியும்போது கண்ணிமை தொங்கும், மூச்சு முட்டும். பாம்பு போய்விட்டிருக்கும், பூச்சி தேடி வந்த அரணைதான் கண்ணில் படும். பழி அதன்மேல் விழுகிறது, அடித்தும் கொல்கிறோம். அதைவிட மோசம், அரணைதானே என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடுவது. இருட்டில் எது கடித்ததென்று தெரியாவிட்டால் உடனே போய்விடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: பல்லி சொல்லுக்குப் பலன்?

பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அது சத்தம் போடுவது மற்றப் பல்லிகளுக்கு.

தெஹிவளையிலிருந்து: கழன்றுவிட்டது அண்ணா! வால் மட்டும் போய்விட்டது.

வால் வளரும். அட்டையை அப்படியே குப்பையில் போடாதீர்கள். பசை உள்ளே வரும்படி மடித்து ஒட்டிவிட்டுப் போடுங்கள்.