சக்கரம் மட்டும் எப்படி மிஞ்சுகிறது?

நண்பரே, ‘அச்சும் தேரல்ல, சக்கரமும் தேரல்ல, தேர் வெறும் பெயர்தான் என்று பௌத்தத் துறவி நாகசேனர், தேரில் வந்த மிலிந்த மன்னனை மடக்கினார், சரி, அச்சும் சக்கரமும் மட்டும் எப்படி உண்மையாயின?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவில்லை. சக்கரத்துக்கும் ஆரக்கால்கள் உண்டு. அதே கேள்வி அங்கேயும் பாயும்.

அது எங்கே நிற்கும் என்பதற்கு பௌத்த அறிஞர் வசுபந்து தம் அபிதர்மகோசம் என்ற நூலில் ஓர் உரைகல் தருகிறார். குடத்தை உடைத்தால் ‘குடம்’ என்ற எண்ணம் போய்விடுகிறது. தண்ணீரை நிறம், சுவை என மனத்தால் பிரித்தால் ‘தண்ணீர்’ என்ற எண்ணமும் நிற்பதில்லை. இரண்டும் உலக வழக்கில் மட்டும் உண்மை. நிறமோ எவ்வளவு பொடித்தாலும் நிறம்தான். அது அறுதி உண்மை. ஆகவே மிலிந்தன் தேரில் வந்தான் என்பதும் பொய்யல்ல.

முழுப்பொருள் உறுப்புகளைத் தாண்டிய தனி உண்மை என்று வாதிட்ட நியாயத் தத்துவ மரபினர் சும்மா இருப்பார்களா? விளிம்பைப் பிடித்து இழுத்தால் குடம் முழுதும் வருகிறதே, அப்படியானால் அது ஒரே பொருள்தானே என்றார்கள். கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அரக்கு வைத்து ஒட்டிய புல்லும் கட்டையும்கூட அப்படித்தான் வரும். அதனால் அவை ஒரே பொருளாகிவிடுமா? பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மகீர்த்தியின் அடி இன்னும் கூர்மையானது: கை மட்டும் அசையும்போது ‘உடல்’ என்ற அந்த ஒரே பொருள் அசைகிறதா, இல்லையா?

உங்கள் ஐயத்துக்கு மிக நெருக்கமானவர் இன்னொரு பௌத்த அறிஞர் சந்திரகீர்த்தி. தேரே இல்லையென்றால் சக்கரம் எதன் உறுப்பு என்று கேட்டு, உறுப்புகளையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார். அவருடைய மத்யமகாவதாரம் என்ற நூல், ஆறாம் அத்தியாயம். முதலில் அந்தத் தேர்ப் பகுதியை மட்டும் படியுங்கள்.