நிறத்தைப் பார்த்துக் கனம் சொல்லாதீர்கள்

கேள்வி: கப்பல் ரெஸ்டாரண்ட் வேலைக்குப் போகப்போகிறேன். ஒயினில் 'பாடி' என்று யாராவது கேட்டால், சிவப்பு கனம், வெள்ளை லேசு என்று சொல்லிச் சமாளித்துக்கொள் என்கிறார் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர். அது போதுமா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: போதாது. அண்ணன் பேச்சைக் கேட்டால் முதல் மேஜையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பாடி என்பது வாயில் ஒயின் எவ்வளவு அடர்த்தியாக, பாரமாகத் தெரிகிறது என்பது. உங்கள் ஊர்ப் பதநீரையும், கருப்பட்டிக்காகக் காய்ச்சும்போது பாதி வற்றிய அதே பதநீரையும் குடித்துப் பாருங்கள், விளங்கிவிடும். ஒயினில் இந்தக் கனத்தைப் பெரும்பாலும் தருவது ஆல்கஹால்தான். அதனால் முதலில் லேபிளைப் பாருங்கள்: 12.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் அநேகமாக லேசு, 13.5-ஐத் தாண்டினால் அநேகமாகக் கனம், நடுவில் இருப்பது நடுத்தரம். சர்க்கரையும் கனம் கூட்டும்.

சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடு நொதிக்க வைப்பதால் அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்குகிறது, அதனால்தான் சராசரியில் சிவப்பு கனமாகத் தோன்றுகிறது, அண்ணன் பிடித்துக்கொண்டது இந்தச் சராசரியைத்தான். ஆனால் ஓக் பீப்பாயில் கிடந்து, மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறி வெண்ணெய் போல வழுக்கும் ஒரு கலிஃபோர்னியா ஷார்டனே வெள்ளை ஒயின், பிரான்சின் பூஜொலேயில் கமே திராட்சையில் செய்யும் சாதாரணச் சிவப்பைவிடக் கனமாகவே இருக்கும். சிவப்புக்குள்ளேயும் நிறம் ஏமாற்றும். இத்தாலியின் பரோலோ பார்க்க வெளிறி இருக்கும், குடித்தால் கனமும் துவர்ப்பும் சேர்ந்து அடிக்கும். துவர்ப்பு வேறு, கனம் வேறு என்பதையும் இங்கேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஈறு வறண்டு இழுத்தால் அது டானின்.

கிளாஸைச் சுழற்றி, உள்பக்கம் வழியும் கோடுகளைக் காட்டி 'உயர்ந்த சரக்கு' என்று சிலர் அளப்பார்கள். அது ஆல்கஹாலைக் காட்டும், தரத்தை இல்லை.

அப்புறம் சாப்பாடு. காரமான நண்டுக் குழம்போடு 14.5 சதவீத ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் கொடுத்தால் நாக்கில் எரிச்சல் இன்னும் ஏறும், ஜெர்மனியின் மோசல் பக்கத்து இனிப்பு ரீஸ்லிங் வெள்ளை ஒயின் (8, 9 சதவீதம்தான் இருக்கும்) அதைத் தணிக்கும். விருந்தாளி ஷிராஸ்தான் வேண்டும் என்றால் வாதாடாமல் ஊற்றுங்கள், காசு அவருடையது.