பதில்: "லெ பான்தான் கூட்ட உளவியலின் தந்தை" என்ற வரியை என் ஆய்வு நெறியாளர் அடித்துவிட்டார், என்ன செய்வது?

அடித்தது சரிதான். கூட்டமாகச் சேரும்போது மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய்வதே கூட்ட உளவியல். அதைப் பற்றிப் பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ பானின் நூல் வந்தது 1895-இல். இத்தாலியக் குற்றவியலாளர் ஸ்கிப்பியோ சிகேலே குற்றம் புரியும் கூட்டம் பற்றி 1891-லேயே நூல் வெளியிட்டுவிட்டார். லெ பான் தன் கருத்துகளைத் திருடிவிட்டார் என்று சிகேலே பிறகு பகிரங்கமாகவே குற்றம் சாட்டினார்.

அதற்காக "தந்தை சிகேலே" என்று பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவருக்கும் முன்பே, 1890-இல், பிரெஞ்சுச் சமூகவியலாளர் கப்ரியேல் தார்த், மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் 'போலச் செய்தல்' பற்றிய நூலை எழுதிவிட்டார். பிரெஞ்சுப் புரட்சிக் கும்பல்களை வெறுப்போடு வர்ணித்த வரலாற்றாசிரியர் இப்போலித் தேன் (Taine) என்பவரின் தொகுதிகள் 1878 முதலே வரத் தொடங்கின. 1892-இல் பிரான்சின் லியோன் நகரில் ஆன்றி ஃபூர்னியால் சமர்ப்பித்த மருத்துவ ஆய்வேட்டின் தலைப்பிலேயே 'கூட்டங்களின் உளவியல்' என்ற தொடர் இருக்கிறது. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

பெரும்பாலும் குழப்பம் பதிப்பாண்டில்தான். சிகேலேயின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்தது 1892-இல். அதையே முதல் பதிப்பாகக் குறித்தால் அவரும் ஃபூர்னியாலும் ஒரே ஆண்டுக்காரர்களாகிவிடுவார்கள். பிந்தைய பதிப்புகளில் சேர்க்கப்பட்டவற்றையும் 1891-இன் கணக்கில் எழுதாதீர்கள்.

அந்த வரிக்குப் பதிலாக ஒரு பத்தி எழுதுங்கள். சிகேலேயின் கேள்வி சட்டம் சார்ந்தது: கூட்டத்தில் கலந்து குற்றம் செய்தவனுக்கு எவ்வளவு தண்டனை? லெ பான் அதைக் குற்றவியலிலிருந்து வெளியே இழுத்து வாக்காளர், ஜூரி, நாடாளுமன்றம் வரை நீட்டினார். என் கணிப்பில் அவருடைய சொந்தப் பங்கு அந்த விரிவும் விற்பனைத் திறமையும்தான். 1921-இல் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டு அவர் நூலை விரிவாக எடுத்தாண்டதும் பெயர் நிலைக்க உதவியது.