கேள்வி பதில்: இங்கிலாந்தில் புது வீட்டின் எரிசக்திச் சிக்கனம், கவுன்சிலுக்கு என்ன அதிகாரம்? (2024)

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஓரத்தில் நிறையப் புது வீடுகள் வரப்போகின்றன. எரிசக்திச் சிக்கனத்தில் அரசு விதிக்கு மேல் கேட்க, உள்ளாட்சியான கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லை என்கிறது பில்டர் தரப்பு. உண்மையா?

பதில்: இல்லை. 2008-ஆம் ஆண்டின் திட்டமிடல், எரிசக்திச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. கட்டட விதிகளைத் தாண்டிய சிக்கனத்தை, நியாயமான அளவில், கவுன்சில் தன் லோக்கல் பிளானில், அதாவது ஊரில் எங்கே, எப்படிக் கட்டலாம் என்று சொல்லும் திட்ட ஆவணத்தில், கேட்கலாம். வீடுகளைப் பொறுத்தவரை அதை நீக்க 2015-இல் ஒரு திருத்தம் நிறைவேறியது; ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அதிகாரம் தொடரும் என்று 2021 ஜனவரியில் அரசே சொன்னது.

கேள்வி: அப்புறம் ஏன் எங்கள் கவுன்சில் தயங்குகிறது?

பதில்: 2023 டிசம்பர் 13-இல் வந்த அமைச்சர் அறிக்கைதான் காரணம். கூடுதலாகக் கேட்டால் செலவுக் கணக்கோடு நியாயம் காட்ட வேண்டும், கார்பன் வெளியீட்டில் இத்தனை சதவீதம் குறைவு என்றே வரையறுக்க வேண்டும் என்கிறது அது. அறிக்கை சட்டமல்ல. ஆனாலும் பிளானைப் பரிசீலிக்கும் அரசு ஆய்வாளர் அதைக் கணக்கில் எடுப்பார். அதை எதிர்த்துப் போட்ட வழக்கும் 2024 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால் மேற்கு ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சால்ட் கிராஸ் புதுக் குடியிருப்புத் திட்டத்தைப் பாருங்கள். அங்கே கவுன்சிலின் கூடுதல் விதியை ஏற்காத ஆய்வாளர்கள், 2015-இன் பழைய அமைச்சர் அறிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று அதே நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கணக்கு கையில் இருந்தால் கவுன்சில் பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: சதவீதமாகச் சொன்னால் என்ன குறை?

பதில்: நிறையவே குறை. சதவீதக் கணக்கு உங்கள் வீட்டை அதே வடிவமுள்ள ஒரு மாதிரி வீட்டோடு ஒப்பிடுகிறது. மூலைமுடுக்கும் வெளிச்சுவருமாக, சூடு கசியும்படி வரைந்தாலும் மாதிரிக்கும் அதே மூலைமுடுக்குதான். பில்டர் தேறிவிடுவார், ஹீட்டிங் பில் உங்களுக்கு. பாத் மற்றும் வடகிழக்கு சாமர்செட் கவுன்சில் 2023 ஜனவரியில் ஏற்ற விதி வேறு மாதிரி: சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சூடாக்க 30 யூனிட், மொத்தமாக 40 யூனிட், அதற்கு மேல் கூடாது. இதை மீட்டரிலேயே சரிபார்க்கலாம். எல்லா ஊரிலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: போன வருஷம் வாங்கிய என் வீட்டுக்கு இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இனிமேல் அனுமதி கேட்டு வரும் திட்டங்களுக்கே.

கேள்வி: சரி, நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: லோக்கல் பிளானின் இறுதி வரைவு வெளியானதும் கருத்துச் சொல்லக் குறைந்தது ஆறு வாரம் தருவார்கள். அதற்குள் எழுதிக் கொடுத்தால் உங்கள் கருத்து ஆய்வாளர் கைக்குப் போகும். எந்தக் கொள்கையைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை அதன் எண்ணோடு குறிப்பிடுங்கள்.