பயம் விற்ற தரகர்கள்

கேள்வி: 1950, 60-களில் சிகாகோ மாதிரி அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவர் குடிவந்ததுமே வெள்ளையர்கள் தெருத்தெருவாக வீட்டை விற்றுவிட்டுப் புறநகருக்குப் போனார்களாமே, அவ்வளவு வெறுப்பா?

பதில்: வெறுப்பு இருந்தது. ஆனால் வெறுப்பு மட்டும் ஒரு பேட்டையைப் பத்தே வருஷத்தில் காலி செய்துவிடாது. அதற்குத் தரகர் வேண்டும்.

சிகாகோவின் மேற்குப் பக்கம் இருக்கும் நார்த் லான்டேலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-ல் அங்கே நூற்றுக்கு 13 பேர்தான் கறுப்பினத்தவர். 1960-ல் 91. அந்தக் காலத் தரகர்களின் தந்திரம் ஒன்று: ஒரு கறுப்பினப் பெண்ணைக் கூலிக்கு அமர்த்தி, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வெள்ளையர் தெருவில் நடக்கச் சொல்வார்கள். (வண்டிக்குள் குழந்தை இருந்திருக்குமா என்றே எனக்குச் சந்தேகம்.) அப்புறம் வீடு வீடாகக் கதவைத் தட்டி, 'பார்த்தீர்களா? இப்போதே விற்றால் ஏதோ தேறும்' என்பார்கள்.

அந்த பயத்துக்கும் ஒரு அடிப்படை இருந்தது, அதுதான் கொடுமை. கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதி என்றால் அரசாங்க வரைபடத்திலேயே சிவப்பு, அதாவது கடன் கொடுக்க ஆபத்தான இடம். 1934-ல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் அங்கே வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரவில்லை. உத்தரவாதம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம்; வாங்க ஆள் குறைந்தால் விலை விழும். யார்மீதும் துவேஷம் இல்லாத மனுஷனும், சேமிப்பெல்லாம் வீட்டில் முடங்கிக் கிடக்கும்போது என்ன செய்வான்? விற்றான்.

அடிமாட்டு விலைக்கு வாங்கிய வீட்டைத் தரகர் என்ன செய்தார்? வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்கு, பல சமயம் இரண்டு மடங்கு விலையில், தவணைக்கு விற்றார். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் அவர் கையில். ஒரு தவணை தவறினால் போதும், கட்டிய பணமும் போச்சு, வீடும் போச்சு. அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு மறுபடி விற்பனைக்கு வரும்.

சரி, போனவர்கள் எங்கே போனார்கள்? நியூயார்க் பக்கம் 1947-ல் எழும்பிய லெவிட்டவுன் போன்ற ஊர்களுக்கு. அங்கே அரசாங்க உத்தரவாதத்தோடு சுலபக் கடன். ஆனால் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு!

1968-ல் வந்த வீட்டுவசதிச் சட்டம், இனத்தைக் காட்டி பயமுறுத்தி விற்க வைப்பதைத் தடை செய்தது. அதே வருஷம் நார்த் லான்டேல்காரர்கள் சங்கம் சேர்ந்து, தவணை கட்ட மாட்டோம் என்று போராட்டத்தில் இறங்கினார்கள். சில நூறு குடும்பங்களுக்காவது ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.