உர மானியம் காணிக்காரருக்கா, பயிர் செய்பவருக்கா?

கேள்வி: நான் மூன்று ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்து, சில போகங்களாக நெல் செய்து வருகிறேன். உர மானியப் பணம் காணிக்காரரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. கேட்டால், பதிவில் தன் பெயர்தான் இருக்கிறது என்கிறார். கமநல சேவை நிலையத்தில் அவருடைய கடிதத்தைக் கொண்டு வரச் சொல்கிறார்கள். அவரோ தர மறுக்கிறார். நான் என்ன செய்யலாம்?
– திருகோணமலை மாவட்ட வாசகர்

பதில்: இந்த மானியம் அந்தப் போகத்தில் நெல் செய்பவருக்காக ஏற்படுத்தப்பட்டது; காணி உறுதி வைத்திருப்பதற்கான கொடுப்பனவு அல்ல. ஆகவே உங்கள் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. 2005 இற்குப் பின்னர் 50 கிலோ மூடை 350 ரூபாய்க்கு வழங்கப்பட்ட காலத்தில், மானியம் உரமாகவே வந்ததால் அது பெரும்பாலும் வயலில்தான் போய்ச் சேர்ந்தது. 2016 இல் உரத்துக்குப் பதிலாகப் பணம் கொடுக்கும் முறை வந்து, இடையில் மாறி, இப்போது மீண்டும் பணமாகவே வழங்கப்படுவதால், யாருடைய கணக்கு இலக்கம் பட்டியலில் இருக்கிறதோ அவருக்கே அது கிடைக்கிறது. 2024/25 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயாக இருந்த தொகை 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் உங்கள் மூன்று ஏக்கருக்கு ஏறத்தாழ 30,000 ரூபாய் வரும். கடன்பட்டு விதைப்பவருக்கு இது சிறிய தொகை அல்ல.

காணிக்காரர் கடிதம் தரத் தயங்குவதற்குப் பணம் மட்டும் காரணமாக இருக்காது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வயலைக் குத்தகைக்குச் செய்பவருக்குப் பாதுகாப்பு அளிப்பதால், உங்கள் பெயர் ஒருமுறை பதிவேட்டில் ஏறினால் காணியைத் திரும்பப் பெற முடியாமற் போகுமோ என்ற அச்சம் பல காணிக்காரரிடம் இருக்கிறது. எனவே முதலில் அவருடன் அமர்ந்து பேசி, குத்தகைக் காலத்தையும், ஏக்கருக்கு எத்தனை மூடை நெல் என்பதையும், மானியம் யாருக்கு என்பதையும் எழுத்தில் ஒப்பந்தமாக்கிக் கொள்ளுங்கள். மானியத்தை அவரே வைத்துக்கொள்ள விரும்பினால், அந்தத் தொகையைக் குத்தகையிற் கழிக்கும்படி கேட்பதில் தவறில்லை.

அவர் எதற்கும் இணங்காவிட்டால், பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னரே, அந்த வயலைச் செய்பவர் நீங்கள்தான் என்று உங்கள் கமக்காரர் அமைப்பிடம் எழுத்தில் உறுதிப்படுத்திப் பெற்று, அதனுடன் கமநல சேவை நிலையத்தில் விண்ணப்பம் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். தம்பலகாமம், கந்தளாய் போன்ற குளத்து நீர்ப் பாய்ச்சல் பகுதிகளில் எந்த வரவையில் யார் விதைக்கிறார் என்பது அயல் வயற்காரர் அனைவரும் அறிந்த விடயம் என்பதால், அந்த உறுதிப்படுத்தலைப் பெறுவது கடினமாக இராது. விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள்; தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். அதன் பின்னர் மாவட்டக் கமநல அபிவிருத்தித் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். அயலவர் அனைவருக்கும் தெரிந்த ஒன்றை நிரூபிக்கக் காணிக்காரரின் கடிதத்தையே கட்டாயமாக்குவது, என் பார்வையில், ஏழைக் குத்தகைக்காரரைத் தண்டிப்பதாகும். கள ஆய்வு செய்து தீர்மானிக்கும் பொறுப்பை உத்தியோகத்தர்கள்தாம் ஏற்க வேண்டும்.

கடந்த போகங்களில் அவர் பெற்ற பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் மீட்பது கடினம். வரும் போகத்துக்கான பதிவில் கவனம் செலுத்துங்கள்.

கேள்வி: ஏழு ஏக்கர் செய்கிறேன். ஐந்து ஏக்கருக்கு மட்டும் மானியம் வந்தது ஏன்?
– வெருகல் வாசகர்

பதில்: ஒருவருக்கு உச்ச வரம்பு 2 ஹெக்டேயர், அது ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. மீதி இரண்டு ஏக்கரை உங்கள் மகன் உண்மையாகவே தனியாகச் செய்தால், அவருடைய பெயரிலும் வங்கிக் கணக்கிலும் தனியாகப் பதியலாம். கடதாசியில் மட்டும் பிரித்துக் காட்ட வேண்டாம்.