சம்பளத்தில் கட்சி நன்கொடை பிடித்தால்

மண்டபம் இறால் கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கைக்கு,

தேர்தல் நன்கொடை என்று கேட்காமலே 500 ரூபாய் பிடித்துவிட்டு, இப்போது வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்மா.

சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டத்தில் பட்டியலே இருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., வாங்கிய முன்பணம், இப்படி. கட்சி நன்கொடை அதில் கிடையாது. உங்கள் முதலாளியுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், அவர் கொடுப்பதற்கு 2013 கம்பெனிகள் சட்டத்தின் 182ஆம் பிரிவு இருக்கிறது: இயக்குநர் குழு தீர்மானம் போட்டு, வங்கி வழியாகக் கொடுத்து, கணக்கில் காட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு உங்கள் பெயரில் ரசீது போட்டுவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

தொண்டிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் நான் கணக்கு எழுதியபோது இதேதான் நடந்தது. சம்பளச் சீட்டில் 'இதர பிடித்தம்' என்று பென்சிலில் எழுதியிருந்தார்கள். ஈரக் கையோடு வாங்கி மடித்து வைத்ததில் ஒரு வாரத்தில் அழிந்தே போனது. கேட்கப் போனபோது காட்ட எதுவும் இல்லை. அதனால் உங்கள் சீட்டை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், தனியாகப் போகாமல் ஐந்தாறு பேர் சேர்ந்து பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தரவில்லையென்றால் ராமநாதபுரம் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். எழுதச் சிரமமாக இருந்தால், கம்பெனி பெயர் இல்லாமல் விவரம் மட்டும் போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.